தேவலையாரின் ஒரே ‘பிரமாதம்’

அந்த ஆள் பாட்டே கேட்பதில்லை என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார்.

“எந்த ஆள்?”

“உங்க கீழ் வீட்டு ஆள்தான் சார். தேவலை. வெள்ளிக்கிழமையானா புது ஆல்பம் எப்படின்னு குரல்பதிவு போடுறாரே, அத்தனையும் டூப்பு. கேக்காமலே அடிச்சு விடுறார். நம்ம காதுல பூ சுத்திட்டு இருக்கார். ஆதாரம் இருக்கு.”

மருந்துக்கடைக்காரர் ஆதாரம் இல்லாமல் எதையும் பேசமாட்டார். ஆதாரம் கிடைத்துவிட்டால் மருந்து கொடுக்கமாட்டார். நான் இருமலுக்கு வந்தவன். இருமிக்கொண்டே நின்றேன்.

ஆதாரத்துக்கு முன்னால் ஆளைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டடத்தில் நான் மாடி, அவர் கீழ்த்தளம். வேலை, பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் வெளுக்கிற சலவைக்கூடத்தில். தெருவிலும் கூடத்திலும் இருக்கிற பாட்டுப் பைத்தியங்கள் சேர்ந்து செல்போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். பெயர் ‘பாட்டுக்கடை’. கடையில் சரக்கு போடுவது தேவலையார் ஒருவர்தான். நாங்கள் வேடிக்கை பார்க்கிற வாடிக்கையாளர்கள்.

பெயர்க் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர் வாயிலிருந்து வந்த அதிகபட்சப் பாராட்டு ‘தேவலை’. அதற்கு மேல் அவருடைய அகராதியில் பக்கம் கிடையாது. கல்யாணமான புதிதில் மனைவி ஆசையாகப் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றபோதும் அதைத்தான் சொன்னாராம். அந்தம்மா இன்னும் மறக்கவில்லை.

அவருடைய கருத்துகள் நீளமாக இருக்காது. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அட்டையில் ஒட்டகச்சிவிங்கி போட்ட ஒரு ஆல்பம் வந்ததே, அதைப் பற்றி: “முத ரெண்டு பாட்டு தேவலை. அதுக்கப்புறம் பாடுறவருக்கு வீட்டுக்குப் போற அவசரம்.” ரொம்ப நாள் கழித்துத் திரும்பி வந்த ஒரு பெரிய பாடகரைப் பற்றி: “குரல் அப்படியேதான் இருக்கு. அதான் வருத்தம். இத்தனை வருஷத்துல அந்தக் குரலுக்கு ஒண்ணுமே நடக்கல போல.” ஆறு பேர் சேர்ந்து வாசித்த ஒரு குழுவைப் பற்றி: “ஒருத்தர் பேசுறதை ஒருத்தர் கேக்கல. எங்க குடும்பத்துல வீடு பிரிச்ச அன்னிக்கு இப்படித்தான் இருந்துச்சு.” ஆட்டம் போட வைக்கிற ஆல்பம் எது வந்தாலும் அவருக்கு ஆகாது. “குத்துது. சட்டைக்குள்ள குண்டூசியை மறந்து வெச்ச மாதிரி” என்பார். மெதுவாகப் பாடுகிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் இரக்கம் உண்டு. ஒரு பெண் தாலாட்டு மாதிரியே பத்துப் பாட்டும் பாடிய ஆல்பத்துக்கு, “தேவலை. இந்தம்மா அவசரப்படல. நம்ம மூச்சுக்கும் இடம் விட்டுப் பாடுது” என்றார். அன்றைக்குக் குழுவே கைதட்டியது.

நான் நையாண்டிப் பத்தி எழுதிப் பிழைக்கிற பத்திரிகையிலும் ஒருவர் ஆல்பங்களைப் பற்றி எழுதுகிறார். ‘ஒலிவெளியின் நிழல்மடிப்பு’ என்றெல்லாம் வரும். அதைப் படித்துவிட்டு யாரும் பாட்டுக் கேட்டதாகத் தகவல் இல்லை. தேவலையார் ‘குத்துது’ என்றால் ஒரு தெருவே கேட்காமல் இருக்கும். இரண்டில் எது விமர்சனம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. சம்பளம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

இனி ஆதாரம்.

தேவலையாருக்கு ஒரு தம்பி. பாடகர். ஊரறிந்த பாடகர் இல்லை; ஊரில் நாலு பேர் அறிந்த பாடகர். குழந்தைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுத்துப் பிழைக்கிறார். அவர் பல வருஷமாகச் செய்துகொண்டிருந்த ஆல்பம் ஒருவழியாக வெளியானது. பெயர் ‘சும்மா இருக்கும் அறை’. வாங்கிக் கேட்டவர்கள் எண்ணிக்கையைப் பார்த்தால் அறை உண்மையிலேயே சும்மாதான் இருந்தது. ஆனாலும் எங்கள் குழு மொத்தமும் கேட்டோம். தம்பியும் குழுவில் இருந்தார், அண்ணன் என்ன சொல்லப் போகிறார் என்று காத்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை குரல்பதிவு வந்தது. இரைச்சலுக்கு நடுவில் தேவலையாரின் குரல்: “பிரமாதம்.” அதன்பின் ஒரு சின்ன இடைவெளி. அந்தச் சொல்லை முதல்முறையாகச் சொன்னதில் அவருக்கே நாக்கு சுளுக்கியிருக்க வேண்டும். “பிரமாதம்டா தம்பி. அந்த ட்ரம்ஸ்தான் உசுரு. அது இல்லேன்னா இந்த ஆல்பமே இல்ல.”

அந்த ஆல்பத்தில் ட்ரம்ஸ் இல்லை.

ட்ரம்ஸ் மட்டுமில்லை, எந்தத் தாள வாத்தியமும் இல்லை. முதல் பாட்டிலிருந்து கடைசி வரை ஒரு குரல், ஒரு கிட்டார். தம்பி அதை ஆல்பத்தின் குறிப்பில் பெருமையாக எழுதியும் வைத்திருந்தார்: ‘தாளத்தின் காவலிலிருந்து குரலை விடுவிக்கும் முயற்சி.’

“இப்ப சொல்லுங்க சார்” என்றார் மருந்துக்கடைக்காரர். “ஆல்பத்தைத் திறந்து கூடப் பாக்கல. பொதுவா ட்ரம்ஸ் இருக்கும்னு ஒரு குத்துமதிப்பு. மாட்டிக்கிட்டார்.”

குழுவில் அன்றைக்குச் சிரித்துச் சிரித்து மாய்ந்தார்கள். நானும் பல்லைக் காட்டும் பொம்மை ஒன்று போட்டேன். சிரிப்பு ஓய்வதற்குள் திரையில் ஒரு வரி வந்தது: தம்பி குழுவிலிருந்து வெளியேறினார். அதற்குப் பிறகு அண்ணனின் போனையும் எடுக்கவில்லை.

ஏன் என்று தெரு முழுக்கத் தெரியும். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே மேடைக் குழுவில் இருந்தவர்கள். கல்யாணம், கம்பெனி ஆண்டுவிழா என்று எங்கே மேடை போட்டாலும் தம்பி பாடுவார், பின்னால் அண்ணன் ட்ரம்ஸ். ஒருநாள் நிகழ்ச்சி முடிந்து சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது தம்பி சொன்னார்: “அண்ணே, உன் சத்தத்துல என் குரல் முங்கிப் போகுது. நான் தனியா பாடிப் பாக்கறேன்.” அண்ணன் சரியென்றார். அடுத்த வாரம் ட்ரம்ஸை விற்றார். அதற்கடுத்த வாரம் சலவைக்கூடத்தில் சேர்ந்தார். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கும்.

ஆக, ட்ரம்ஸ் இல்லாத ஆல்பத்துக்கு, விலக்கி வைக்கப்பட்ட ட்ரம்ஸ்காரர், நாலு பேர் நடுவில், “அந்த ட்ரம்ஸ்தான் உசுரு” என்கிறார். தம்பியின் இடத்தில் யார் இருந்தாலும் அதைக் குத்தல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வாழ்நாளில் சொல்லாத ‘பிரமாதம்’ வேறு.

மருந்துக்கடைக்காரர் கட்சி, அவர் கேட்கவேயில்லை. தம்பி கட்சி, கேட்டுவிட்டு நக்கலடித்தார். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. தேவலையாருக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தால் மனைவி புதுப்புடவை கட்டி நின்ற அன்றைக்கே சொல்லியிருப்பார். போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். இருமல் மருந்தை மறந்துவிட்டேன்.

ஓட்டல் படுக்கைகள் வெளுப்பதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். நல்ல மனிதர், நம்பினார். “படம் போடுவீங்களா?” என்று மட்டும் கேட்டு, தலையைச் சீவிக்கொண்டார்.

கூடம் தரைக்குக் கீழே இருந்தது. படியிறங்கும்போதே வெக்கை முகத்தில் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் துவைக்கிற மெஷின்கள். எதிர்ச் சுவரில் துண்டுகளை உலர்த்துகிற மெஷின்கள், கண்ணாடிக் கதவுக்குள்ளே வெள்ளையாக எதையோ புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டு. நடுவில் ராட்சச இஸ்திரி. ஒரு நீளமான சூடான உருளை. ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி வந்து விழும். கொடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஒரே சமயத்தில் நீவி, ஒரே சமயத்தில் விட வேண்டும். ஒருவர் அரை நொடி பிந்தினாலும் விரிப்பு கோணிக்கொள்ளும்.

இடது முனை தேவலையார். வலது முனையில் ஒரு பெண். கூடத்தில் அவளுக்குப் பெயரே வலக்கை. நான் வந்த காரணத்தை மெதுவாக எடுத்துவிட்டேன். தேவலையார் வாயைத் திறக்குமுன் அவள் பிடித்துக்கொண்டாள்.

“யாரு சொன்னா கேக்கலேன்னு? அந்த மாத்திரைக்காரரா? நான் சாட்சி சார். அண்ணன் கேக்குற எல்லா ஆல்பமும் நானும்தான் கேக்கணும். என் தலையெழுத்து. அந்த ஒட்டகச்சிவிங்கியை ரெண்டு தடவை கேட்டேன்.”

“நீங்க எப்படி?”

அவள் வலது காதைத் திருப்பிக் காட்டினாள். ஒரு சின்ன வெள்ளைக் காதொலிப்பான். தேவலையார் இடது காதில் அதன் ஜோடி.

அந்தக் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு: ஒரு காது காலியாக இருக்க வேண்டும். உருளையில் விரிப்பு சிக்கினால் மணி அடிக்கும். அது கேட்காதவனின் விரல் விரிப்போடு போய்விடும். அதனால் ஒரு காது கம்பெனிக்கு, ஒரு காது உனக்கு. தேவலையாரிடம் ஒரு ஜோடி இருந்தது, சட்டப்படி ஒன்று மிச்சம். மிச்சம் பக்கத்து ஆளுக்குப் போனது. இப்படித்தான் அவர்கள் மூன்று வருஷமாக வெளியான எல்லாவற்றையும், ஆளுக்கு ஒரு காதாக, கேட்டு வந்திருக்கிறார்கள்.

“சரி, அந்தத் தம்பி ஆல்பத்துல...” என்று இழுத்தேன்.

“ட்ரம்ஸ் இருக்கு” என்றார் தேவலையார். அவர் என்னைப் பார்க்கவில்லை, விரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “எல்லாரும் இல்லேங்கறாங்க. நான் கேட்டேன் சார்.”

“நானும் கேட்டேன்” என்றாள் வலக்கை. “நொண்டிட்டே வரும். அழகா இருக்கும். இந்தாங்க, நீங்களே கேளுங்க.”

அவள் தன் காதிலிருந்ததை எடுத்து, முந்தானையில் துடைத்து, என்னிடம் கொடுத்தாள். தேவலையார் போனைத் தடவினார். மூன்றாவது பாட்டு. கிட்டார் வந்தது. தம்பியின் குரல் வந்தது. அதன் அடியில், நான் சத்தியமாகச் சொல்கிறேன், ட்ரம்ஸ் வந்தது. தும்... த... தும். இரண்டாவது அடி கொஞ்சம் பிந்தி, காலை இழுத்து இழுத்து நடக்கிற மனிதன் மாதிரி. குரல் அதன் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தது. நான் வீட்டில் கேட்டபோது தூக்கம் வந்த அதே பாட்டு. இங்கே எனக்கே ‘பிரமாதம்’ என்று வாயில் வந்துவிட்டது.

“கேக்குதா?” என்றார் தேவலையார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. “கேக்குதுல்ல?”

“கேக்குது” என்றேன்.

அப்போது எதிர்ச் சுவரில் ஒரு உலர்த்தி வேலையை முடித்துக்கொண்டு நீளமாக ஓசை எழுப்பி நின்றது. கதவில் ‘3’ என்று எழுதியிருந்தது.

ட்ரம்ஸும் நின்றது.

பாட்டு நிற்கவில்லை. தம்பி பாடிக்கொண்டேயிருந்தார், தனியாக.

தேவலையார் கையில் விரிப்பு அப்படியே இருந்தது. வலக்கை தன் முனையை விட்டுவிட்டாள், அவர் விடவில்லை. விரிப்பு கோணலாக உள்ளே போய், மணி அடித்து, அவளே ஓடிப்போய் உருளையை நிறுத்தினாள். மூன்று பேரும் மூன்றாம் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தோம். உலர்த்திக்குள் துண்டுகளைப் புரட்டுகிற பெரிய பீப்பாய் சுழல்வதற்கு அடியில் சின்னச் சக்கரங்கள் உண்டாம். அதில் ஒன்று ரொம்ப நாளாகத் தேய்ந்து ஒரு பக்கம் தட்டையாகிவிட்டதாம். சுற்றுக்கொரு தடவை தட்டும். மெக்கானிக் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். தட்டித் தட்டி அந்தச் சத்தம் அவர்களுக்குக் காதுக்குள் சொந்தச் சத்தமாகிவிட்டது. அதைத் தனியாகக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். காலியாக வைத்த காது சும்மா இருந்ததாக நினைத்திருந்தார்கள்.

“இன்னொரு தடவை போடும்மா” என்றார் தேவலையார்.

வலக்கை போய் மூன்றாம் நம்பரின் பொத்தானை அழுத்தினாள். உலர்ந்த துண்டுகளே மறுபடி சுற்றின. தும்... த... தும். அவர் பாட்டு முடியும்வரை கேட்டார். காதிலிருந்ததைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

“சரி” என்றார்.

டீ நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்தோம். வலக்கைக்கு யாராவது வருத்தமாக இருந்தால் வாய் நிற்காது.

“விடுங்கண்ணே. மூணாம் நம்பருக்கு மாலை போட்டு மேடையேத்திடுவோம். நல்ல கை. லீவே போடாது. முக்கியமா, தம்பியோட சண்டை போடாது.”

அவர் சிரிக்கவில்லை. டீயை ஊதிக்கொண்டேயிருந்தார். அது எப்போதோ ஆறிவிட்டது.

“எனக்கு இடது கை கொஞ்சம் பிந்தும் சார்” என்றார் என்னிடம். “சின்ன வயசுல ஒரு முறிவு. மேடையில அதுக்காகவே திட்டு வாங்கிருக்கேன். நொண்டி ட்ரம்ஸும்பாங்க. இந்த ஆல்பத்தைக் கேட்டப்ப அதே நொண்டல். அப்படியே என் கை. யாரையோ பிடிச்சு, எங்கண்ணன் மாதிரி வாசின்னு சொல்லி வாசிக்க வெச்சிருக்கான்னு நெனச்சேன். வாயால சொல்லமாட்டான் அவன். இப்படிச் சொல்றான்னு நெனச்சேன்.” ஒரு மிடறு குடித்தார். “ரெண்டு நாள் தூக்கமே வரல. சந்தோஷத்துல.”

என் தொழிலில் இந்த இடத்தில் ஒரு நக்கல் வரவேண்டும். வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் அவருடைய பழைய குரல்பதிவுகளை வரிசையாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் ‘தேவலை’ என்றவை எல்லாம் மெதுவான ஆல்பங்கள். மூன்றாம் நம்பரோடு சேர்ந்து நடக்கக்கூடியவை. ‘குத்துது’ என்றவை எல்லாம் வேகமானவை, அதோடு முட்டிக்கொண்டவை. தாலாட்டுப் பாடிய அந்தம்மாவுக்கும் கொஞ்சம் பாராட்டுத்தான் சேரும், மீதி தேய்ந்த சக்கரத்துக்கு. அவர் பேச்சை நம்பி ஒரு தெருவே மூன்று வருஷம் ஆட்டப் பாட்டுக் கேட்காமல் இருந்திருக்கிறது. ‘ஒலிவெளியின் நிழல்மடிப்பு’க்காரரை அன்றைக்குக் கொஞ்சம் மரியாதையாக நினைத்துக்கொண்டேன். அவர் வீட்டில் எது தேய்ந்திருக்கிறதோ.

மருந்துக்கடைக்காரரிடம் போய், “கேக்கிறார் ஐயா. நம்மளைவிட ஒரு வாத்தியம் கூடவே கேக்கிறார்” என்று நடந்ததைச் சொன்னேன். வதந்தியின் வாயை அடைக்கத்தான் போனேன். அவருக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. நான் மாடியேறி வருவதற்குள் குழுவில் வந்துவிட்டது: ‘ட்ரம்மர் யாரென்று கண்டுபிடித்தாகிவிட்டது. துண்டு காயப்போடும் மெஷின்.’ யாரோ உலர்த்தியின் படத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். வாரம் முழுக்க அதே சிரிப்பு. முதல் வாரம் அவரைப் பொய்யர் என்று சிரித்தார்கள். இந்த வாரம் பொய்யர் இல்லை என்று சிரித்தார்கள்.

சங்கதி எப்படியோ தம்பி காதுக்கும் போனது. ஞாயிற்றுக்கிழமை நான் கீழ் வீட்டில் செய்தித்தாள் இரவல் வாங்க நின்றிருந்தபோது போன் வந்தது. அண்ணனுக்கு இல்லை, அண்ணிக்கு. தேவலையாரின் மனைவி கையெல்லாம் மாவு என்பதால் ஒலிபெருக்கியில் போட்டார்.

“அண்ணி, பக்கத்துல இருக்காரா?”

“இருக்கார். இல்லாத மாதிரி இருக்கார். பேசு.”

“மெஷின் கதையைக் கேள்விப்பட்டேன்.” தம்பியின் குரலில் கோபம் இல்லை. சிரிப்பு கூட இருந்தது, பயந்து பயந்து. “நான் வேற மாதிரி எடுத்துக்கிட்டேன் அண்ணி. குத்திக் காட்டுறாருன்னு நெனச்சுட்டேன். தப்பு என்னுதுதான்.”

“அதை அவர்கிட்ட சொல்லேன்டா.”

“சொல்றேன். ஆனா இப்ப யோசிச்சா, அண்ணன் என் பாட்டை இன்னும் கேக்கவேயில்லைல்ல? அவர் கேட்டது வேற ஏதோ. ஒரு தடவை, சத்தமில்லாத எடத்துல, ஒழுங்கா கேட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. நல்லால்லேன்னாலும் பரவால்ல. தேவலைன்னு சொன்னாக்கூடப் போதும். ஊர்ல வேற யாரு சொல்லியும் எனக்கு ஒண்ணும் ஆகல அண்ணி.”

அந்தம்மா கணவரைப் பார்த்தார். தேவலையார் மேசையில் கிடந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது கடிக்குமா கடிக்காதா என்பது போல.

“காதுல விழுந்துச்சு” என்றார் அந்தம்மா தம்பியிடம். “வாயில எப்ப வரும்னு தெரியல.”

அந்த வீட்டில் சத்தமில்லாத இடம் ஒன்றுதான். தேவலையார் போனையும் இரண்டு காதொலிப்பானையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார். நான் செய்தித்தாளின் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்ச் சத்தம்கூட வரவில்லை.

“ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டு ஒரு பாட்டைக் கேட்டு எத்தனை வருஷமாச்சோ” என்றார் அவர் மனைவி, மாவைப் பிசைந்துகொண்டே. “அதுவும் தம்பி பாட்டு. முன்னாடியெல்லாம் அவன் பாடும்போது இவர் பின்னாடி அடிச்சுட்டு இருப்பாரு. பின்னாடி இருக்கிற ஆளுக்கு முதுகுதான் தெரியும்.”

வெளியே வந்தவர் மேல்துண்டை உதறிக் காயப்போட்டார். அது ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

மறுநாள் மாலை அவரை மாடிப்படியில் மடக்கினேன். வாயைக் கிளறுவது எனக்குக் கைவந்த தொழில்.

“நல்லால்லையா?”

“நல்லாருக்கு சார்.”

“அப்படின்னா?”

“நல்லாருக்குன்னா நல்லாருக்கு.” கைப்பிடிச் சுவரில் விரலால் தட்டிக்கொண்டே சொன்னார். ஒரு விரல் பிந்தித் தட்டியது. “மூணாவது பாட்டுல மேல போவான். மேடையில அந்த எடத்துல நான் ஓங்கி ஒண்ணு போடுவேன். அவனுக்கு மூச்சு வாங்கும், அது வெளிய தெரியக்கூடாதுன்னு போடுவேன். தம்பியைக் காப்பாத்துறேன்னு நெனப்பு. இதுல மூச்சு வாங்குறது கேக்குது. அப்படியே வெச்சிருக்கான். அதுதான் சார் அந்தப் பாட்டே. அது கேட்டாத்தான் நெஞ்சுல ஏறுது.”

“அப்ப அதையே சொல்லிடுங்களேன். பிரமாதம்னு வேணாம். தேவலைன்னு ஒரு வார்த்தை. அவர் காத்துட்டு இருக்கார்.”

“சொல்லலாம்.” விரல் நின்றது. “சொன்னா, அன்னிக்கு வண்டிகிட்ட அவன் சொன்னது சரின்னு ஆயிடுதுல்ல. அத்தனை வருஷமும் நான் அவனுக்கு வாசிக்கல, அவனை மூடி வெச்சிருந்தேன்னு ஆயிடுதுல்ல. நல்லால்லேன்னு சொல்லிடலாம்னா அதுவும் வரமாட்டேங்குது. பொய் நமக்கு வராத சரக்கு.”

“கொஞ்ச நாள் போகட்டும்” என்றேன். இந்த மாதிரி இடத்தில் எல்லோரும் சொல்கிற உதவாக்கரை வாக்கியம் அது.

“போகட்டும்” என்றார் அவரும்.

மெக்கானிக் அந்த மாதமே வந்தார், பத்திரிகைப் படத்துக்காக மேற்பார்வையாளர் தலை சீவியதற்கு ஏதாவது பலன் வேண்டாமா. மூன்றாம் நம்பருக்குச் சக்கரம் மாற்றினார். இப்போது அது வெண்ணெய் மாதிரி சுற்றுகிறதாம். வலக்கை, “கூடமே எழவு வீடு மாதிரி இருக்கு சார்” என்று குழுவில் எழுதினாள். தேய்ந்த சக்கரத்தைத் தூக்கிப் போடாமல் தேவலையார் எடுத்து வைத்திருப்பதாகவும் எழுதினாள். எதற்கு என்று கேட்டதற்குக் கதவு மூடாமல் இருக்க முட்டுக்கொடுக்க என்றாராம். கூடத்தில் எந்தக் கதவும் மூடாமல் இருக்க வேண்டிய தேவை இல்லை.

கருத்துச் சொல்வதை அவர் விடவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் குரல்பதிவு வருகிறது. பின்னணி இரைச்சல் சீராகிவிட்டது, அவர்தான் கரடுமுரடாகிவிட்டார். ‘தேவலை’ அரிதாகிவிட்டது. போன வாரம் ஒரு ஆல்பத்துக்கு, “எல்லாம் எடத்துல இருக்கு. ஆளுதான் இல்ல” என்றார். மெதுவான பாட்டுகளைக்கூட விட்டுவைப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், ஆட்டப் பாட்டுகள் இப்போது அவருக்குக் குத்துவதில்லை. மருந்துக்கடைக்காரர், “இப்பத்தான் சார் நிஜமாவே கேக்கிறார்” என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

தம்பி குழுவுக்குத் திரும்பி வந்துவிட்டார். எதுவும் பேசுவதில்லை. அண்ணன் யாரைப் பற்றியாவது கருத்துச் சொல்லி முடித்ததும் கீழே ஒரே ஒரு வரி போடுவார். இந்த வெள்ளிக்கிழமையும் போட்டார்.

‘என்னோடது, அண்ணே?’

தேவலையார் உடனே பார்த்துவிட்டார். அவர் எதையோ பதிவு செய்கிறார் என்று திரை கொஞ்ச நேரம் காட்டியது. நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம், மருந்துக்கடைக்காரர் உட்பட. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அந்த ஒரு வார்த்தை இன்னும் பாக்கிதான்.